ஆறாவது பிள்ளையையும் சொல்லுங்கள்: அட்ரினல் சுரப்பியும் நம் குடும்பங்களும்

குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர் என் பாட்டி. கிளினிக்கில் தாதி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஐந்து என்பார். வீட்டில் எங்களிடம் பேசும்போது மட்டும் அது ஆறாகிவிடும். அந்த ஆறாவது பிள்ளை ஓர் ஆண் குழந்தை. பிறக்கும்போது நல்ல எடை, நல்ல நிறம். பன்னிரண்டாம் நாள் பால் கக்கத் தொடங்கியது. பிறகு பால் குடிப்பதையே விட்டுவிட்டது. பதினைந்தாம் நாள் போய்விட்டது. தோஷம் என்றார்கள். வசம்பு சுட்டு வைத்தார்கள், மந்திரித்தார்கள். லயத்தில் அடுத்த வாரம் எல்லாரும் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கு, கிருமித் தொற்று, இதயக் கோளாறு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனால் பிறக்கும்போது நன்றாக இருந்து, இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டுபோகும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அட்ரினல் என்ற சிறிய சுரப்பியில் கோளாறு இருக்கும். தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான காரணத்தைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. முதலில் சுரப்பியைப் பார்ப்போம்.

சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

நம் முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அட்ரினல். தமிழ்ப் பாடநூல்களில் அண்ணீரகம் என்பார்கள். நீரகத்தை அண்டி இருப்பது என்று பொருள் கொண்டால் பெயர் மனத்தில் நின்றுவிடும். பெரியவர்களுக்கு ஒரு சுரப்பியின் எடை 4 முதல் 5 கிராம்தான். 1563இல் இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கி இதை வரைந்து காட்டினார். அது என்ன வேலை செய்கிறது என்பது அதன் பிறகு மூன்று நூற்றாண்டுகள்வரை யாருக்கும் விளங்கவில்லை.

இதன் வெளிப்பட்டையில் மூன்று அடுக்குகள். மேல் அடுக்கு அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடலில் உப்பு தங்குவதற்கு அது வேண்டும். நடு அடுக்கு கார்ட்டிசோலைச் சுரக்கிறது. காய்ச்சல், காயம், பட்டினி, அதிர்ச்சி எது வந்தாலும் உடல் தாக்குப்பிடிப்பது கார்ட்டிசோலால்தான். அடி அடுக்கு ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கிறது. ஆண் தன்மை ஹார்மோன்கள் என்று நாம் சொல்லும் வகை இது.

ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பெண் உடலிலும் அது உண்டு. டிஎச்இஏ என்ற ஆண்ட்ரோஜனை ஆண், பெண் இருபாலாருக்கும் பெரும்பாலும் அட்ரினல்தான் கொடுக்கிறது. அதற்குத் தனியாக வலிமை குறைவு. உடலின் மற்றப் பகுதிகள் அதை வாங்கி வலிமையான ஹார்மோனாக மாற்றிக்கொள்கின்றன. பெண்களுக்கு அக்குளிலும் அந்தரங்கப் பகுதியிலும் முடி வளர்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வயதோடு இதன் அளவு ஏறி இறங்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் அட்ரினல் இதை ஏராளமாகச் சுரக்கும். பிறந்த சில மாதங்களில் அது அடங்கிவிடும். ஆறு முதல் எட்டு வயதுக்குள் மெல்ல மறுபடி தொடங்கும். பிள்ளையின் வியர்வை வாடை மாறுவதும் முகத்தில் எண்ணெய் வடிவதும் அதனால்தான். இருபதுகளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுதோறும் குறைந்து, எழுபது, எண்பது வயதில் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ நிற்கும். ஆறு வயதில் இதைத் தட்டி எழுப்புவது எது என்ற கேள்விக்கு அறிவியல் உலகம் இன்னும் ஒரே பதிலுக்கு வரவில்லை.

துரை, மண்டோர், பால் நிறுவை

இந்தச் சுரப்பி தானாக வேலை செய்வதில்லை. மேலிடத்து உத்தரவு வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். துரை மண்டோரிடம் சொல்வார். மண்டோர் பெரட்டில் ஆட்களிடம் சொல்வார். ஆட்கள் பால் வெட்டிக் கொண்டுவந்து நிறுப்பார்கள். நிறுவைக் கணக்கு துரைக்குப் போகும். கணக்கு சரியாக இருந்தால் சத்தம் இருக்காது. குறைந்தால் மறுநாள் காலையில் ஏச்சுதான்.

உடலில் துரையின் இடத்தில் இருப்பது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். மண்டோர் இடத்தில் இருப்பது அதற்குக் கீழே பயறளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. அங்கிருந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோன் இரத்தத்தில் இறங்கி அட்ரினலை வேலை வாங்குகிறது. அட்ரினல் கார்ட்டிசோலைச் சுரக்கிறது. இரத்தத்தில் கார்ட்டிசோல் போதிய அளவு ஏறியதும் மூளை அதைக் கண்டு உத்தரவைக் குறைத்துக்கொள்கிறது. விடியற்காலையில் இந்த உத்தரவு அதிகமாக இருக்கும். நள்ளிரவில் மிகக் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏசிடிஎச் வந்தால் கார்ட்டிசோலோடு சேர்ந்து ஆண்ட்ரோஜனும் கூடும். ஆனால் மூளை நிறுத்துப் பார்ப்பது கார்ட்டிசோலை மட்டும்தான். அட்ரினல் எவ்வளவு ஆண்ட்ரோஜனைக் கொட்டினாலும் அது அந்தக் கணக்கில் சேராது, உத்தரவும் நிற்காது. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே இந்த ஓர் ஏற்பாட்டின் விளைவுதான்.

மடை அடைபட்டால்

கொலஸ்டிராலில் தொடங்கிப் பல படிகளைக் கடந்துதான் அட்ரினல் கார்ட்டிசோலைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். அவற்றில் 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்பது ஒன்று. அதைத் தயாரிக்கும் மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. சில குழந்தைகள் அந்த மரபணு பழுதாகிப் பிறக்கிறார்கள்.

அப்போது கார்ட்டிசோல் வராது. மூளை நிறுத்துப் பார்க்கிறது, கணக்கு குறைகிறது. இன்னும் வேலை செய் என்று ஏசிடிஎச்சை மேலும் மேலும் அனுப்புகிறது. அட்ரினல் தன் சக்திக்கு மீறி உழைத்து வீங்கிப் பருக்கிறது. ஆனால் மடை அடைபட்டுக் கிடக்கிறது. தேங்கிய சரக்கு திறந்திருக்கும் வாய்க்காலில் பாய்கிறது. அந்த வாய்க்கால்தான் ஆண்ட்ரோஜன். கார்ட்டிசோல் இல்லாத உடம்பில் ஆண்ட்ரோஜன் வெள்ளமாகப் பெருகுகிறது. பல குழந்தைகளுக்கு உப்பைக் காக்கும் அல்டோஸ்டிரோனும் இதே அடைப்பினால் இல்லாமல் போகிறது.

இதற்குப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்று பெயர். நம் நாட்டு மருத்துவமனைகளில் சிஏஎச் என்ற மூன்று எழுத்தால்தான் சொல்வார்கள். கடும் வகையோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு உப்பு வெளியேறும் ஆபத்து உண்டு.

பெண் குழந்தையில் தெரியும், ஆண் குழந்தையில் தெரியாது

கருவின் முதல் மூன்று மாதங்களிலேயே இந்த வெள்ளம் தொடங்கிவிடுகிறது. அதனால் பெண் குழந்தையின் வெளி உறுப்பு மாறி உருவாகிறது. சற்றுப் பெரிதாக, சில நேரம் பார்ப்பவர்கள் ஆண் என்றே நினைக்கும்படியும் இருக்கும். உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் இயல்பாகவே இருக்கின்றன. குரோமோசோம்களும் பெண்ணுக்கு உரியவை. முறையாக மருந்து எடுத்து வளர்ந்தவர்களில் பலர் தாயாகவும் ஆகியிருக்கிறார்கள்.

1865இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தெ கிரெக்கியோ என்ற மருத்துவர், ஆணாகவே வாழ்ந்து இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தார். உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் இருந்தன. அட்ரினல் சுரப்பிகள் மிகப் பெரிதாக இருந்தன. இந்த நோயைப் பற்றிய முதல் பதிவு என்று மருத்துவ உலகம் அதைத்தான் சொல்கிறது.

நம் வீடுகளில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதலில் வருவது பயம். அடுத்து வெட்கம். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு யாருக்கும் காட்டாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அக்கம்பக்கத்தார் திருநங்கை என்று பேசத் தொடங்குகிறார்கள். திருநங்கையரின் வாழ்வு வேறு, அது மதிக்கப்பட வேண்டியது. இங்கே நடந்திருப்பது ஒரு நொதியின் குறை. கண்ணுக்குத் தெரிந்த அந்த மாற்றம் அந்தப் பெண் குழந்தைக்கு ஒரு வகையில் நன்மையும் செய்கிறது. மருத்துவர் உடனே சந்தேகப்படுவார், இரத்தம் எடுப்பார், உயிர் காப்பாற்றப்படும்.

ஆண் குழந்தைக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. வெளியே எல்லாம் இயல்பாக இருக்கும். வாழ்த்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் வாரம் நன்றாகவே போகும். பிறகு உடம்பிலிருந்து உப்பு சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது வாரம், சில நேரம் மூன்றாவது வாரம், பால் குடிக்க மறுப்பு, வாந்தி, எடை குறைவு, சோர்வு. இரத்தத்தில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். அந்த ஏற்றம் இதயத்தையே நிறுத்திவிடலாம்.

பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். தொடவில்லை, இன்னும் குறைகிறது, வாந்தியும் இருக்கிறது என்றால் அது காத்திருக்கும் நேரமில்லை.

சென்னையில் கிடைத்த கணக்கு

உலக அளவில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோயின் கடும் வகை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, டெல்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தது. ஐந்து நகரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது 5,762 குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. சென்னையில் மட்டும் 2,036 குழந்தைகளில் ஒருவர்.

ஒரு நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சில குழந்தைகளை வைத்து வந்த விகிதம் இது. அதைத் தமிழர் அனைவருக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் வேறுபாடு பெரிது. இது மரபணு வழியாக வரும் நோய். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள சமூகத்தில் இத்தகைய நோய்கள் கூடுதலாகத் தென்படும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று. தமிழகத்தில் அந்த வழக்கம் நீண்ட காலமாக உண்டு. அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

தாய்மாமனும் மாமன் மகளும்

நம் நாட்டுச் சட்டமே இந்த வழக்கத்தை அறிந்து வைத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீரமைப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு நெருங்கிய உறவில் திருமணத்தைத் தடை செய்கிறது. ஆனால் இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் மகளையோ தாய்மாமனையோ மணக்க அதே பிரிவு இடம் தருகிறது. என் பாட்டியும் தம் தாய்மாமனைத்தான் மணந்தார்.

மரபணுக் கணக்கு இப்படித்தான். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக இருந்தால் நோய் வராது. அவர் பழுதைச் சுமப்பவர் மட்டுமே, தாம் சுமப்பது அவருக்கே தெரியாது. உலக அளவில் ஏறத்தாழ 60 பேரில் ஒருவர் இந்தப் பழுதைச் சுமக்கிறார். கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். அப்போதும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்புதான்.

சுமக்கும் ஒருவர் அந்நியத்தில் மணந்தால் துணைவரும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு 60இல் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், உறவின் காரணமாகவே அது 8இல் ஒன்றாகிறது. அக்காள் மகளை மணந்தால் 4இல் ஒன்று.

இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இல்லை. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். அந்நியத்தில் மணந்தவர்களுக்கும் இந்த நோயுள்ள குழந்தை பிறக்கிறது. ஆனால் சொந்தத்தில் மணந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேட்டால் வெட்கப்பட்டு மறைப்பதில் பயனில்லை. மருத்துவர் எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதை அந்த ஒரு பதில் மாற்றிவிடும்.

நம் மருத்துவமனைகளில் பார்ப்பது எது?

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும். அதில் பார்ப்பது இரண்டு. ஒன்று ஜி6பிடி குறைபாடு, மற்றொன்று தைராய்டு குறைபாடு. அட்ரினல் கோளாறு அதில் தெரியாது. ஆகவே, பிறந்தபோது எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டார்கள் என்று நினைத்து இருந்துவிடக் கூடாது.

இந்த நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வேறு. அடைப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்ற பொருளை அளக்கிறார்கள். பிறந்த அன்று எல்லாக் குழந்தைகளுக்கும் அது அதிகமாகவே இருக்கும் என்பதால், இரண்டாம் நாளுக்குப் பிறகு குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது வழக்கம். சுவீடனில் 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்கிறார்கள். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் செய்கிறார்கள். நம் நாட்டில் மருத்துவர் சந்தேகப்பட்டால்தான் இது செய்யப்படும். அந்தச் சந்தேகத்தை எழுப்பக்கூடிய தகவல் குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது.

மருந்து பழையது, எளியது

1950இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லாசன் வில்கின்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயுள்ள ஒரு சிறுமிக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார். ஆண்ட்ரோஜன் அளவு இறங்கியது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரிலும் மருத்துவர்கள் இதையே கண்டார்கள். காரணம் நாம் முன்பு பார்த்ததுதான். மூளைக்கு வேண்டியது கார்ட்டிசோல் கணக்கு. அதை வெளியிலிருந்து நிரப்பினால் உத்தரவு குறைகிறது, உத்தரவு குறைந்தால் ஆண்ட்ரோஜனும் குறைகிறது.

இன்றும் சிகிச்சை அதே வழியில்தான். குழந்தைகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. உப்பு தங்குவதற்கு ஃபுளூட்ரோகார்ட்டிசோன். கைக்குழந்தைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் உப்பும் கொடுக்கச் சொல்வார்கள். இது வாழ்நாள் மருந்து. அளவு கூடினால் குழந்தையின் உயரம் தடைபடும், உடல் பருக்கும். அளவு குறைந்தால் ஆண்ட்ரோஜன் ஏறி, பிள்ளை சீக்கிரம் வளர்ந்து சீக்கிரமே வளர்ச்சி நின்றுவிடும். அதனால்தான் மருத்துவர் மாதக்கணக்கில் இரத்தம் எடுத்து, உயரம் பார்த்து, அளவை மாற்றிக்கொண்டே இருப்பார். இந்தச் சிக்கலைக் குறைக்கவே, மூளையின் உத்தரவைத் தடுக்கும் கிரினெசர்ஃபான்ட் என்ற புதிய மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதுவும் கார்ட்டிசோல் மாத்திரைக்கு மாற்றாக வந்ததில்லை. அதனோடு சேர்த்துக் கொடுப்பது.

பெற்றோர் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. நலமாக இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரினல் தானாகக் கூடுதல் கார்ட்டிசோலைத் தரும். இந்தப் பிள்ளைகளுக்குத் தராது. ஆகவே காய்ச்சல் நாள்களில் மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மாத்திரையை இரண்டு, மூன்று மடங்காகக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி போட உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பள்ளியில் வகுப்பாசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் பையில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டை இருக்க வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா, எப்போது என்பதை நிதானமாகப் பேசி முடிவு செய்யலாம். அதற்கு அவசரமில்லை. அவசரம் மருந்துக்குத்தான்.

வலி மாத்திரையும் இதே கணக்கும்

இதே ஏற்பாடு பெரியவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆபத்தைக் கொண்டுவருகிறது. மூட்டு வலிக்கு, முதுகு வலிக்கு என்று சந்தையிலும் கைமாற்றாகவும் விற்கும் பதிவில்லாத மாத்திரைகளிலும் ஜாமுகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்த முட்டிக்கு அது வரம்போலத் தோன்றும்.

டெக்ஸாமெத்தசோனை மூளை கார்ட்டிசோல் என்றே எடுத்துக்கொள்கிறது. கணக்கு நிரம்பி வழிகிறது என்று உத்தரவை நிறுத்திவிடுகிறது. மாதக்கணக்கில் வேலை இல்லாத அட்ரினல் சுருங்கிவிடுகிறது. கார்ட்டிசோலும் இல்லை, ஆண்ட்ரோஜனும் இல்லை. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோய்த் திடீரென நிறுத்தினால், தூங்கிப்போன சுரப்பி எழுந்து வர வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

பொட்டலத்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். ஏற்கனவே பல வாரங்களாகச் சாப்பிட்டு வருபவர் பயந்துபோய் உடனே நிறுத்திவிடவும் வேண்டாம். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

வளர்ந்த பிள்ளைகளிடம்

சிலருக்கு நொதி முழுவதும் பழுதாகாமல் ஓரளவு வேலை செய்யும். பிறக்கும்போது எதுவும் தெரியாது. பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பும் ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் அந்தரங்கப் பகுதியில் முடி வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் ஆளாகிவிட்டாள் என்று பெருமையாகவோ கவலையாகவோ பேசி விட்டுவிடக் கூடாது.

வயதுக்கு வந்த பெண்களுக்கு முகத்தில் முடி, ஆறாத முகப்பரு, மாதவிலக்கு தள்ளிப்போவது ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் இதற்குக் காரணம் சினைப்பை நீர்க்கட்டி நோய்தான். ஆனால் சிலருக்கு அட்ரினல்தான் காரணம். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். அதிகாலையில் எடுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை அதைப் பிரித்துக் காட்டிவிடும். கல்யாணப் பேச்சு நடக்கும் வேளையில் இதை மறைத்து, முகத்தைச் சிரைத்துக்கொண்டு அழும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது

கர்ப்பப் பதிவுக்குப் போகும்போது சொந்தத்தில் மணந்ததையும், இரு வீட்டிலும் கைக்குழந்தையாக இறந்தவர்கள் உண்டா என்பதையும் தாதியிடம் சொல்லி எழுதவையுங்கள். முதல் பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால் அடுத்த பிள்ளை பிறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்ததும் உறுப்பில் சந்தேகம் இருந்தால் மூடி மறைக்காமல் மருத்துவரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஆணா, பெண்ணா என்று எழுதுவதற்கு முன் பரிசோதனை முடிவு வரட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு எடை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தியும் சோர்வும் கண்டால் ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட் எங்கிருந்தாலும் பக்கத்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 999. குழந்தையின் உப்புச் சத்தைப் பார்க்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. திருஷ்டி கழிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து கழித்துக்கொள்ளலாம்.

மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்பார்கள்: வீட்டில் சிறு வயதில் குழந்தை யாராவது இறந்ததுண்டா? நம்மவர்கள் சட்டென்று இல்லை என்று சொல்லிவிடுகிறோம். துக்கத்தைக் கிளற வேண்டாம் என்ற எண்ணம். பெயர் வைப்பதற்கு முன்பே போன பிள்ளையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற தயக்கம். என் அக்காள் போன ஆண்டு கர்ப்பமாக இருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. அவளும் இல்லை என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளைத் திருப்பி அனுப்பினார். பாட்டிக்கு ஆறு என்று போய்ச் சொல் என்றார். தாதி புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டார். குழந்தை நலமாகப் பிறந்தது. பதினான்காம் நாள் எடை பார்த்தபோது பிறந்த எடையைத் தாண்டியிருந்தது.